பாதி மேளம், பாதி தந்தி

பி. ஜி. வுட்ஹவுஸின் ‘தேங்க் யூ, ஜீவ்ஸ்’ 1934இல் வெளிவந்தது. அந்த நாவலில் எதற்கும் அசராத பணியாள் ஜீவ்ஸ், தன் எஜமானர் பெர்ட்டி வூஸ்டரை விட்டு விலகுகிறார். சம்பளத் தகராறு எதுவும் இல்லை. எஜமானர் புதிதாக ஒரு வாத்தியம் வாங்கிவிட்டார், அதுதான் காரணம். லண்டன் குடியிருப்பில் அக்கம்பக்கத்தார் ஏற்கெனவே புகார் கொடுத்திருக்கிறார்கள். வாத்தியமா வீடா என்று கட்டட நிர்வாகி கேட்டுவிட்டார். பெர்ட்டி வாத்தியமே போதுமென்று நண்பர் ஒருவரின் கிராமத்து வீட்டுக்குக் குடிபோகிறார். ஜீவ்ஸின் இடத்துக்கு வந்த ஆள் குடித்துவிட்டு அந்த வீட்டைக் கொளுத்த, வாத்தியமும் சாம்பலாகிறது. அதன் பிறகே ஜீவ்ஸ் திரும்பி வருகிறார்.

அந்த வாத்தியம் பேஞ்சோலேலே. கழுத்தும் நான்கு தந்திகளும் யுகுலேலேயுடையவை. தோல் போர்த்திய வட்ட உடல் பேஞ்சோவுடையது. பேஞ்சோ யுகுலேலே என்றும், செல்லமாக பேஞ்சோ யூக் என்றும் சொல்வார்கள். ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். இந்தியாவில் கவ்வாலிக் கச்சேரிகளிலும் ஊர்வலங்களிலும் ‘பேஞ்சோ’ என்று வழங்குவது பெரும்பாலும் புல்புல் தரங். பொத்தான்களை அழுத்தி வாசிக்கும் அந்தப் பெட்டி, ஜப்பானின் நாகோயா நகரில் 1912இல் கோரோ மொரிதா உருவாக்கிய தைஷோகோத்தோவின் வழியில் வந்தது. அதற்கும் இதற்கும் பெயரைத் தவிர எந்த உறவும் இல்லை.

பெர்ட்டியின் கையில் சாதாரண மர யுகுலேலே இருந்திருந்தால் நாவலே நடந்திருக்காது. பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் அளவுக்கு அதற்குக் குரல் கிடையாது. பேஞ்சோ யுகுலேலேயின் நூறாண்டு வரலாறு முழுக்க இரண்டு புகார்கள் ஓயவே இல்லை. அண்டைவீட்டுக்காரர், சத்தம் தாங்கவில்லை என்கிறார். காசு கொடுத்து வாங்கியவரோ, புதுசு, ஆனால் சரியாகப் பேசவில்லை என்கிறார்: தந்தி உறுமுகிறது, சுருதி நிற்கவில்லை, மேல் மெட்டுகளில் அழுத்தினால் ஸ்வரம் விலகுகிறது. முதல் புகார் அந்த வாத்தியத்தின் நோக்கமே நிறைவேறிவிட்டது என்பதற்குச் சான்று. இரண்டாவது புகாரின் காரணத்தைத் தேடிப் போனால், வாத்தியம் பிறந்த விதத்துக்கே போய்ச் சேரவேண்டும்.

பேஞ்சோவின் வேர் மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கிறது. செனகல், காம்பியா வட்டாரத்து ஜோலா மக்கள் சுரைக்குடுக்கையில் தோல் போர்த்தி, நீண்ட கழி செருகி, அகோன்டிங் என்ற தந்தி வாத்தியத்தை இன்றும் வாசிக்கிறார்கள். அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்கள் கரீபியன் தீவுகளில் கிடைத்த பொருள்களைக் கொண்டு, நினைவில் இருந்ததை மறுபடி செய்தார்கள். 1687இல் ஜமைக்காவுக்குப் போன ஆங்கில மருத்துவர் ஹான்ஸ் ஸ்லோன், 1707இல் அச்சிட்ட தன் நூலில் அத்தகைய வாத்தியங்களின் படத்தைச் சேர்த்திருக்கிறார்.

அமெரிக்காவில் இது வெள்ளையர் மேடைக்கு வந்த கதை அவ்வளவு மரியாதையானது அல்ல. வர்ஜீனியாக்காரரான ஜோயல் ஸ்வீனி பேஞ்சோவைக் கறுப்பு மக்களிடமிருந்து கற்று 1830களிலேயே மேடையில் வாசித்தவர். 1843இல் நியூயார்க்கில் ‘வர்ஜீனியா மின்ஸ்ட்ரல்ஸ்’ குழு முகத்தில் கரி பூசிக்கொண்டு ஒரு முழு நிகழ்ச்சியையே நடத்தியது. யாரிடமிருந்து கற்றார்களோ அவர்களையே கேலி செய்யும் மேடை அது. அதே ஆண்டில் அந்தக் குழு பிரிட்டனுக்கும் போனது. வுட்ஹவுஸ் நாவலிலும் இதே கரி பூசும் வழக்கம் வேடிக்கைக் காட்சிகளாக வருகிறது. 1934இல் சிரித்த வாசகர்களைப் போல இன்று அதைப் படித்துச் சிரிக்க முடியாது.

மேடைக்கு வந்த பேஞ்சோவின் உடலும் மாறியது. பால்டிமோர் நகரில் வில்லியம் பௌச்சர் என்பவர் 1840களில் பேஞ்சோக்கள் செய்து விற்றார். அவருடைய மற்றொரு தொழில் டிரம் செய்வது. வளைத்த மரவளையத்தின் மேல் தோலைப் போட்டு, அதன்மேல் உலோக வளையம் வைத்து, சுற்றிலும் கொக்கிகளால் இழுத்து இறுக்கும் டிரம் உத்தியைப் பேஞ்சோவுக்குக் கொண்டுவந்தார். சுரைக்குடுக்கை போனது. தோல் தளர்ந்தால் திருகி இறுக்கலாம் என்ற வசதி வந்தது. இனி வாசிப்பவரே அடிக்கடி இறுக்கிக்கொள்ளவேண்டும் என்ற பொறுப்பும் கூடவே வந்தது.

யுகுலேலேயின் பிறந்த தேதியை ஏறத்தாழ நாள் கணக்கிலேயே சொல்லலாம். 1879 ஆகஸ்ட் 23 அன்று ‘ரேவன்ஸ்கிராக்’ என்ற கப்பல் போர்த்துகலின் மதேரா தீவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஹொனலூலு துறைமுகம் வந்தது. வந்தவர்களில் மானுவேல் நூனெஸ், ஜோஸே தோ எஸ்பிரித்தோ சாந்தோ, அகுஸ்தோ தியாஸ் என்ற மூன்று தச்சர்கள் இருந்தார்கள். தோட்ட ஒப்பந்தம் முடிந்ததும் மூவரும் மரச்சாமான் கடை வைத்து, தங்கள் ஊர்ச் சிறு கிதாரான மசேத்தேயின் அமைப்பில் புது வாத்தியம் செய்து விற்றார்கள். மன்னர் கலாகௌவா அதை அரண்மனை விருந்துகளுக்கு அழைத்துக்கொண்டார். தோட்டக் கூலிகளோடு வந்த வாத்தியம் ஒரே தலைமுறைக்குள் ஹவாயின் அடையாளமாகிவிட்டது.

1915இல் சான் பிரான்சிஸ்கோவில் பனாமா பசிபிக் கண்காட்சி நடந்தது. ஹவாய் அரங்கில் ஒலித்த யுகுலேலேயைக் கேட்ட அமெரிக்கர்களுக்குப் பித்துப் பிடித்தது. கிதாருக்குப் பேர்போன மார்ட்டின் நிறுவனம் 1916இல் யுகுலேலே தயாரிப்பில் இறங்கியது. ஆனால் பித்து பரவப் பரவ ஒரு குறையும் தெரிந்தது. ஒலிவாங்கி இல்லாத காலம் அது. ஆயிரம் பேர் உட்கார்ந்த வோடவில் என்ற பல்சுவை நிகழ்ச்சி அரங்கில் கடைசி வரிசைக்குக் கேட்கவேண்டும். ஒலிப்பதிவுக் கூடத்திலும் புனல் ஒன்றின் எதிரில் நின்றுதான் வாசிக்கவேண்டும். மெல்லிய சத்தம் மெழுகுத் தட்டில் பதியவே பதியாது. பேஞ்சோ இந்த இரண்டு இடத்திலும் கில்லாடி. கழுத்தை மட்டும் மாற்றிப் பேஞ்சோ உடலில் எதை வேண்டுமானாலும் பொருத்தும் பழக்கமும் அப்போது இருந்தது. மாண்டலின் பேஞ்சோ, கிதார் பேஞ்சோ, செல்லோ பேஞ்சோ என்று கலப்பினங்கள் கடைகளில் தொங்கின. யுகுலேலேயை மட்டும் விட்டுவைப்பார்களா?

யார் முதலில் செய்தது என்பதில் சண்டை உண்டு. 1917 வாக்கில் கலிபோர்னியாவில் தானே கண்டுபிடித்ததாக ஹவாயில் பிறந்த ஆல்வின் கீச் உரிமை கொண்டாடினார். ஜான் போலண்டர் என்ற கலிபோர்னியா வாத்தியக்காரரும் அதே பெருமையைக் கேட்டார். வாத்தியத்தைக் கண்டுபிடித்தவர் யாராக இருந்தாலும், வியாபாரத்தைக் கண்டுபிடித்தவர் கீச்தான். ‘பேஞ்சுலேலே’ என்ற பெயரைத் தன் வணிக முத்திரையாக்கிக்கொண்டு 1920களில் லண்டனில் கடை விரித்தார். அவருடைய தம்பி கெல்வின் கீச் யுகுலேலே வாசித்துப் புகழ்பெற்று, பின்னாளில் அமெரிக்காவின் என்பிசி வானொலியில் அறிவிப்பாளரானார். ஆல்வினின் கையெழுத்து பொறித்த பேஞ்சுலேலேக்கள் இன்றும் பிரிட்டனின் பழம்பொருள் கடைகளில் அகப்படுகின்றன. பெர்ட்டி வூஸ்டர் வாங்கியதும் அந்த அலையில் வந்த ஒன்றாகத்தான் இருக்கவேண்டும்.

அமெரிக்காவில் இந்த வியாபாரத்தின் தலைநகர் சிகாகோ. அங்கே நடந்த ஒரு போட்டி சொல்லத்தக்கது. ஹென்றி ஸ்லிங்கர்லாண்ட் என்பவர் தபால் வழியே இசை கற்றுத்தரும் பள்ளி ஒன்றை நடத்தினார். சீட்டாட்டத்தில் ஜெயித்துப் பெற்ற பள்ளி அது என்று ஒரு கதையும் உண்டு. பாடங்களை முழுதாக வாங்குவோருக்கு யுகுலேலே இலவசம். இலவசமாகக் கொடுக்க வாங்கிய வாத்தியத்தின் மேல் பாடத்தைவிட அதிக ஆசை இருப்பதைப் பார்த்தவர், தானே யுகுலேலேயும் பேஞ்சோவும் செய்ய ஆரம்பித்தார். அதே ஊரில் 1909இலிருந்து டிரம் செய்துவந்த லட்விக் நிறுவனம் 1920களில் பேஞ்சோப் பக்கம் கால் வைத்தது. ஸ்லிங்கர்லாண்ட் சும்மா இருக்கவில்லை. 1928இல் டிரம் செய்யத் தொடங்கி லட்விக்கின் வயிற்றில் அடித்தார். ஜாஸ் ரசிகர்கள் இன்று ஸ்லிங்கர்லாண்ட் என்றதும் டிரம்மைத்தான் நினைக்கிறார்கள். அந்த டிரம்முக்குப் பின்னால் ஒரு பேஞ்சோத் தகராறு இருப்பது பலருக்குத் தெரியாது.

லட்விக் செய்த பேஞ்சோ யுகுலேலேக்களில் வெண்டல் ஹால் பெயர் தாங்கியது பெரும்புகழ் பெற்றது. வெண்டல் ஹால் செந்தலைப் பாடகர். மழையைப் பற்றிய 1923ஆம் ஆண்டு நகைச்சுவைப் பாட்டு ஒன்றால் அமெரிக்கா முழுக்க அறியப்பட்டவர். நட்சத்திரத்தின் பெயரை வாத்தியத்தின் தலையில் பொறித்து விற்கும் உத்தி அப்போதே வேரூன்றிவிட்டது. கிப்சன் நிறுவனம் யூபி 1 முதல் யூபி 5 வரை படிப்படியாகத் தரம் கூடும் வரிசையை வைத்திருந்தது. சியர்ஸ் போன்ற தபால் விற்பனைக் கடைகள் பட்டியல் புத்தகத்தில் படம் போட்டு மலிவு ரகங்களைக் கிராமம் கிராமமாக அனுப்பின. மே சிங்கி பிரீன் என்ற யுகுலேலேக் கலைஞர், அச்சிட்ட பாட்டுத் தாள்களில் விரல் வைக்கும் இடத்தைப் புள்ளிகளால் காட்டும் சிறு கட்டங்களைச் சேர்க்கும் வழக்கத்தை 1920களில் பரப்பினார். ஸ்வரக் குறிப்பு படிக்கத் தெரியாதவரும் அன்று மாலையே நாலு பாட்டு வாசிக்கலாம் என்றாயிற்று.

வாசிக்கலாம்தான், வாத்தியம் சரியாக இருந்தால்.

மர யுகுலேலே தச்சுவேலை. செய்து முடித்துவிட்டால் தந்திகளைத் தாங்கும் அதன் குதிரை பலகையோடு ஒட்டியது, மேற்பலகை அசையாதது. வாங்கியவர் செய்யவேண்டியது தந்தியைச் சுருதி கூட்டுவது மட்டும். பேஞ்சோ யுகுலேலேயில் எதுவும் ஒட்டியதில்லை. குதிரையைத் தோலின் மேல் வெறுமனே நிறுத்தியிருக்கிறார்கள். தந்திகளின் அழுத்தம் மட்டுமே அதைப் பிடித்து வைத்திருக்கிறது. தோலை ஒரு டசன் அல்லது அதற்கு மேற்பட்ட கொக்கிகள் இழுத்து நிற்கின்றன. கழுத்து உடலுக்குள் ஓடும் ஒரு கட்டையாலோ கம்பியாலோ பிடிக்கப்பட்டிருக்கிறது. ஒன்றை அசைத்தால் மற்ற எல்லாமும் கொஞ்சம் நகரும். இதைத்தான் தபாலில் கட்டி ஆயிரம் மைல் அனுப்பினார்கள். டிரம் தொழிற்சாலைக்காரர்களுக்கு இது விசித்திரமாகப் படவில்லை, ஏனென்றால் டிரம்மை வாங்குகிறவர் தானே இறுக்கிக்கொள்வார் என்பது அந்தத் தொழிலின் எழுதாத விதி. யுகுலேலே வாங்க வந்தவருக்குத்தான் அது தெரியாது.

அந்தக் காலத்துத் தோல் கன்றுக்குட்டித் தோல். ஈரக்காற்றில் அது ஊதித் தளரும், வறண்ட காற்றில் சுண்டி இறுகும். கஞ்சிரா வாசிப்பவர் உட்புறத்தில் தண்ணீர் தெளித்துச் சுருதியைக் கீழே இறக்குவாரே, அதையே மழைக்காலம் பேஞ்சோவுக்கு யாரையும் கேட்காமல் செய்துவிடும். தோல் தளர்ந்தால் குதிரை அமிழ்கிறது, குதிரை அமிழ்ந்தால் தந்திகள் மெட்டுகளுக்கு மிக அருகில் வந்து உறுமுகின்றன, ஒலி அமுங்கிப்போகிறது. குளிர்நாட்டில் கணப்பு எரியும் வறண்ட அறையில் நேரெதிர்: தோல் இறுகி, குதிரை எழும்பி, தந்தியை அழுத்த விரல் வலிக்கும். சில நேரம் தோல் தானாகவே கிழிந்துவிடும். காலையில் வாசித்துப் பார்த்துத் திருப்தியாக வாங்கிய வாத்தியம் மாலையில் வேறாக இருந்தால் கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் வாங்கியவர்கள் குறை சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள்.

சத்தத்தின் ரகசியமும் அதே தோலில்தான் இருக்கிறது. மரப்பலகையைவிடத் தோல் மிக லேசானது. தந்தியின் ஆற்றலைச் சட்டென்று வாங்கிக் காற்றில் கொட்டிவிடும். அதனால் ஒலி பெரிதாக வரும், சீக்கிரம் மறையும். நீண்டு இழையும் மீட்டுக்கு இது ஆகாது. வேகமாக, வெட்டி வெட்டி, தாளத்தோடு வாசித்தால் மட்டுமே இதன் சுபாவம் வெளிப்படும். அந்தச் சுபாவத்தைப் புரிந்துகொண்டவர் ஒருவர் இங்கிலாந்தின் லங்காஷயரில் இருந்தார்.

ஜார்ஜ் ஃபார்ம்பி 1904 மே 26 அன்று விகன் என்ற சுரங்க நகரில் பிறந்தவர். அதே பெயருடைய தந்தை மியூசிக் ஹால் மேடையில் பெரிய நகைச்சுவைக் கலைஞர், 1921இல் இறந்தார். குதிரைப் பந்தய ஜாக்கியாகப் பழகிய மகன், தந்தையின் நகைச்சுவைத் துணுக்குகளையே பிரதி எடுத்து மேடையேறிப் பார்த்தார், எடுபடவில்லை. இரண்டு காரியங்கள் அவரை மாற்றின. ஒன்று, 1920களின் முற்பகுதியில் வாங்கிய யுகுலேலே பேஞ்சோ. மற்றொன்று, 1924இல் பெரில் இங்கமை மணந்தது. மரச்செருப்பு நடனக்காரியான பெரில், கணவரின் உடை, பாட்டு, ஒப்பந்தம், கைச்செலவு எல்லாவற்றையும் தன் பிடியில் வைத்துக்கொண்டு அவரை நட்சத்திரமாக்கினார். அந்தப் பிடி எவ்வளவு கடுமையானது என்று ஃபார்ம்பியின் வாழ்க்கையை எழுதியவர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். இங்கே அது தேவையில்லை.

1930களின் கடைசியில் பிரிட்டிஷ் திரையுலகில் அவருக்கு நிகராக வசூல் கொடுத்தவர் இல்லை. ஜன்னல் துடைப்பவன் கண்ணாடி வழியே பார்த்ததையெல்லாம் சொல்லும் 1936ஆம் ஆண்டுப் பாட்டை பிபிசி ஒலிபரப்ப மறுத்தது. மக்கள் இசைத்தட்டாக வாங்கிக் கேட்டார்கள். ‘ஸ்பிளிட் ஸ்ட்ரோக்’ எனப்படும் அவருடைய வலக்கை வித்தை இன்றும் பயிலப்படுகிறது. ஒரே வீச்சில் எல்லாத் தந்திகளையும் தொடுவதும், அடுத்து ஓரத் தந்தியை மட்டும் தொடுவதுமாக மாற்றி மாற்றிப் போடும்போது தாளம் இடறுவதுபோல் இடறி, சரியான இடத்தில் வந்து விழும். இந்த நுணுக்கம் மர யுகுலேலேயில் மசமசவென்று கரைந்துவிடும். தோலில் ஒவ்வொரு அடியும் தனித்தனியே கேட்கும்.

ஸ்வரக் குறிப்பு படிக்காத ஃபார்ம்பி, சுருதி மாற்றும் சிக்கலுக்கு எளிய வழி வைத்திருந்தார். வெவ்வேறு சுருதியில் கூட்டிய பல வாத்தியங்களை மேடையோரம் வரிசையாக வைத்துக்கொண்டு, பாட்டுக்கு ஏற்ப எடுத்து வாசிப்பார். விரல் வைக்கும் இடங்கள் மாறாது, வாத்தியம் மட்டும் மாறும். இதைச் சோம்பேறித்தனம் என்று சிலர் சொல்வதுண்டு. அது சரியல்ல. தோலும் தந்தியும் ஒருமுறை ஒரு சுருதிக்குப் படிந்துவிட்டால், நிகழ்ச்சி நடுவே அதைக் கலைக்காமல் இருப்பதே தொழில் தெரிந்தவர் செய்கிற காரியம். லண்டனின் ஜான் டல்லஸ் நிறுவனம் அவர் பெயரில் பல தர யுகுலேலே பேஞ்சோக்களை விற்றது. கைக்கடக்கமான மலிவு ரகம் ஆயிரக்கணக்கான பிரிட்டிஷ் பையன்களின் முதல் வாத்தியமானது. ஃபார்ம்பி தன் கச்சேரிகளில் வைத்துக்கொண்டவையோ லட்விக், கிப்சன், பிரிட்டனின் அபட் போன்ற கனமான ரகங்கள். நட்சத்திரம் விற்பதும் நட்சத்திரம் வாசிப்பதும் ஒன்றாக இருப்பது அபூர்வம்.

இரண்டாம் உலகப் போரில் படைவீரர்களை மகிழ்விக்கும் என்சா அமைப்பின் சார்பில் அவர் போகாத போர்முனை குறைவு. 1945இன் தொடக்கத்தில் பர்மா, இந்தியா, இலங்கை வரை வந்து வாசித்தார். தோல் வாத்தியத்துக்கு இந்த மூன்று நாடுகளின் புழுக்கத்தைவிடக் கடினமான பரீட்சை வேறு இருக்க முடியாது. 1946இல் தென்னாப்பிரிக்கப் பயணத்தில், இனம் பிரித்து உட்காரவைக்கும் அரங்குகளில் மட்டுமே வாசிக்கவேண்டும் என்ற வற்புறுத்தலை ஃபார்ம்பி தம்பதி ஏற்கவில்லை. கறுப்பு மக்கள் முன்னால் போய் வாசித்தார்கள். கண்டிக்கத் தொலைபேசியில் அழைத்த தேசியக் கட்சித் தலைவர் டேனியல் மலானுக்கு பெரில் கொடுத்த சூடான பதில் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. கரி பூசிய முகங்களின் மேடையில் வளர்ந்த ஒரு வாத்தியத்தின் வரலாற்றில் இந்தச் சம்பவத்துக்குத் தனி இடம் கொடுக்கலாம்.

1961 மார்ச் 6 அன்று ஃபார்ம்பி இறந்தார். இறுதி ஊர்வலத்தின் வழியில் நின்றவர்கள் ஒன்றரை லட்சம் பேர் என்று மதிப்பிட்டார்கள்.

அமெரிக்காவில் அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே கதை முடிந்துவிட்டது. 1925இல் மின்சார ஒலிப்பதிவு வந்தது. வானொலி நிலையத்திலும் ஒலிவாங்கி வந்தது. மெல்லப் பாடினாலும் கேட்கும் என்றான பிறகு சத்தத்துக்காகவே பிறந்த வாத்தியத்துக்கு வேலை குறைந்தது. இசைக்குழுக்கள் பேஞ்சோவை வைத்துவிட்டுக் கிதாரை எடுத்தன. 1929இன் பொருளாதாரச் சரிவு மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. லட்விக் நிறுவனமே அந்த நேரத்தில் கான் நிறுவனத்தின் கைக்குப் போனது. பிரிட்டனில் மட்டும் ஃபார்ம்பி என்ற ஒற்றை மனிதர் இந்த வாத்தியத்தை இன்னும் முப்பதாண்டு தூக்கி நிறுத்தினார்.

வாத்தியம் மறக்கப்பட்டிருந்த காலத்தில்தான் அதன் பழைய நோய்க்கு மருந்து வந்தது என்பது வேடிக்கை. போருக்குப் பின் ஆட்டுக்குடல் தந்தியின் இடத்தை நைலான் பிடித்தது. 1957 வாக்கில் கலிபோர்னியாவின் ரெமோ பெல்லியும், எவன்ஸ் என்ற டிரம் கலைஞரும் தனித்தனியே மைலார் என்ற பாலியெஸ்டர் தகட்டை டிரம்மில் போர்த்தி விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். மழைக்கும் வெயிலுக்கும் அது அவ்வளவாக அசையாது. ராக் இசையின் டிரம்கள் அதன்பின் தோலைத் திரும்பிப் பார்க்கவில்லை. பேஞ்சோவும் அதே தகட்டைப் போர்த்திக்கொண்டது. பழைய ஒலியை விரும்புவோர் கன்றுத்தோலை இன்றும் தேடிப் போடுகிறார்கள். மைலாரின் குரலில் ஒரு கண்ணாடித்தனம் இருப்பதாக அவர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் கடலோர ஊரில் வாழ்பவர் அந்த விவாதத்தில் இறங்காமல் மைலாரை வாங்குவது நல்லது.

யுகுலேலே மறுபடி உயிர்பெற்றபோது பேஞ்சோ யுகுலேலேயும் பின்னாலேயே வந்தது. ஃபார்ம்பி இறந்த 1961இலேயே அவர் பெயரில் தொடங்கிய சங்கம் பிளாக்பூலில் கூடி, டஜன் கணக்கான வாத்தியங்களை ஒரே நேரத்தில் முழக்கிவந்தது. பீட்டில்ஸ் கலைஞர் ஜார்ஜ் ஹாரிசன் ஃபார்ம்பியின் பரம ரசிகர். 1991இல் அந்தச் சங்கக் கூட்டத்துக்கே வந்து வாசித்தார். 1995இல் வெளியான பீட்டில்ஸின் ‘ஃப்ரீ ஆஸ் எ பேர்ட்’ பாட்டின் கடைசியில் வரும் யுகுலேலே மீட்டும், பின்னோக்கி ஓடவிட்ட ஜான் லெனனின் குரலும் ஃபார்ம்பிக்குச் செய்த வணக்கம். அந்தக் குரல் சொல்வது ஃபார்ம்பியின் முத்திரை வசனத்தை.

இப்போது அமெரிக்காவின் டீரிங், கோல்ட் டோன் போன்ற நிறுவனங்கள் பேஞ்சோ யுகுலேலேக்களைப் புதிதாகச் செய்கின்றன. ஆசியத் தொழிற்சாலைகளில் செய்து பல பெயர்களில் விற்கும் மலிவு ரகங்களும் உண்டு. 1920களின் வாத்தியங்களில் தோல் வட்டம் பெரும்பாலும் 6 முதல் 8 அங்குலம். டீரிங் பெரிய பேஞ்சோவின் 11 அங்குல வட்டத்தையே போட்டு, அதற்கு யுகுலேலேக் கழுத்தை மாட்டிவிட்டது. ஒலி ஆழமாகிறது, பழைய கீச்சுக்குரல் போய்விடுகிறது. ஃபார்ம்பி பாணி வேண்டுமென்றால் சிறிய வட்டம், பாட்டுக்குத் துணையாக மட்டும் வேண்டுமென்றால் பெரிய வட்டம். பழைய வாத்தியங்களில் இருந்த பிருடைகள் வெறும் உராய்வில் நிற்பவை; அவற்றின் நுனியிலுள்ள சிறு திருகை லேசாக முறுக்கினால் வழுக்காது. இப்போது பல்சக்கரப் பிருடைகளும் கிடைக்கின்றன. முதல் வாத்தியம் வாங்குபவர் பல்சக்கரத்தையே கேட்பது புத்திசாலித்தனம்.

எல்லாம் மாறியும் அந்த எழுதாத விதி மாறவில்லை. இன்றும் பல பெட்டிகளில் குதிரை தனியே கழன்றோ படுத்தோதான் வருகிறது. தோல் பாதி இறுக்கத்தில் இருக்கிறது. உடைந்துபோன சரக்கு என்று நினைத்துத் திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. திருப்பி அனுப்புவதற்கு முன் செய்யவேண்டியதை 1920களின் சிகாகோத் தொழிலாளியே சொல்லியிருப்பார். முதலில் தோல். குதிரை நிற்கும் இடத்துக்குக் குறுக்கே ஒரு நேரான அளவுகோலை வைத்துப் பார்த்தால் குழிவு தெரியும். குழிவு அதிகமென்றால் கொக்கிகளின் நட்டுகளை ஸ்பானரால் இறுக்கவேண்டும். அடுத்தடுத்து இறுக்கினால் வளையம் கோணிவிடும். எதிரெதிராக, ஒவ்வொன்றுக்கும் கால் சுற்றுக்கு மிகாமல், சுற்றி வரவேண்டும். விரலால் ஓரத்தில் தட்டிக்கொண்டே போனால் எந்தக் கொக்கிக்குப் பக்கத்தில் ஒலி தாழ்கிறதோ அங்கே தளர்வு இருக்கிறது. தோல் இறுகினால் தந்தியின் சுருதி ஏறும், ஆகவே சுருதி கூட்டுவது பிறகு.

அடுத்தது குதிரையின் இடம். தலைப்பக்க எலும்புப் பட்டையிலிருந்து 12ஆவது மெட்டு வரை உள்ள தூரமும், அந்த மெட்டிலிருந்து குதிரை வரை உள்ள தூரமும் ஏறத்தாழச் சமமாக இருக்கவேண்டும். 12ஆவது மெட்டின் மேல் தந்தியை லேசாகத் தொட்டு மீட்டும் மணியொலியும், அதே மெட்டில் அழுத்தி வாசிக்கும் ஸ்வரமும் ஒன்றாகக் கேட்டால் இடம் சரி. அழுத்திய ஸ்வரம் கூர்மையாக இருந்தால் குதிரையை வால்பக்கம் இம்மியளவு தள்ளவேண்டும். தாழ்வாக இருந்தால் கழுத்துப் பக்கம். தள்ளும்போது தந்தியைச் சற்றுத் தளர்த்திக்கொள்ளாவிட்டால் குதிரை சாய்ந்து விழுந்து தோலில் வடு போட்டுவிடும்.

உறுமல் மட்டும் விடாது தொந்தரவு செய்யும். அதற்குக் காரணம் தந்தியாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. தளர்ந்த ஒரு நட்டு, பின்மூடியின் திருகு, தந்திகளைக் கட்டும் வால்தகடு, வெட்டாமல் விட்ட தந்தி நுனி, இவற்றில் எது வேண்டுமானாலும் அதிரலாம். ஒருவர் தந்தியை மீட்ட, இன்னொருவர் ஒவ்வொரு உறுப்பாக விரலால் தொட்டுப் பார்த்தால், தொட்டதும் எது அடங்குகிறதோ அதுதான் குற்றவாளி. ஒலி வேண்டாத அளவுக்கு முழங்கினால் தோலுக்கும் உள்கட்டைக்கும் நடுவே ஒரு சிறு துணியை மடித்துச் செருகுவது பழைய மேடைக்காரர்களின் வைத்தியம். பெர்ட்டி வூஸ்டருக்கு அது தெரிந்திருந்தால் வாடகை வீடு நிலைத்திருக்கும்.

புது நைலான் தந்தி சில நாள் நீண்டுகொண்டே இருக்கும். புது மைலாரும் கொஞ்சம் இளகும். முதல் வாரம் நாளுக்கு நாலு முறை சுருதி இறங்கினால் வாத்தியத்தைத் திட்டாமல் திரும்பத் திரும்பக் கூட்டிக்கொண்டிருங்கள். இரும்புத் தந்தி மாட்டினால் சத்தம் இன்னும் கூடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பெரும்பாலான பேஞ்சோ யுகுலேலேக்களின் கழுத்து அந்த இழுவைக்குச் செய்யப்பட்டதல்ல. வாங்கும்போது பெட்டியைத் திறந்து, கொக்கி நட்டுகளுக்குப் பொருந்தும் ஸ்பானர் உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கடையிலேயே கேட்டு வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.